வெட்டுக்குறி போட்ட சட்டை

சுகுமாரனுக்கு எதையும் தனியாகக் கேட்கத் தெரியாது. தான் கேட்பதை அக்கம்பக்கத்து நாலு கடைக்காரர்களும் கேட்டால்தான் அவருக்குக் கேட்ட மாதிரி இருக்கும். அந்தப் பாட்காஸ்டும் அப்படித்தான் அவருடைய டோபிக் கடைக்குள் வந்து சேர்ந்தது. அக்டோபர் மழை நாலு நாளாக விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை அது. இரண்டு டிரையரும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தை மிஞ்ச வேண்டும் என்று கைப்பேசியை ஓர் அலுமினிய வாளிக்குள் நிறுத்தி வைத்துவிட்டு அவர் இஸ்திரி மேசைக்குத் திரும்பினார்.

"ரமணி, இங்க வா. நம்ம சூலியா தெரு கதையப் பேசுறாங்க."

"எண்ணிக்கை தப்பிரும், சும்மா இருங்க" என்றாள் அவர் மனைவி ரமணி. அவள் ஹோட்டல் தலையணை உறைகளை இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வாளிக்குள்ளிருந்து பேசியவள் ரூபினி என்ற பெண். கோலாலம்பூரில் இருந்துகொண்டு, துப்புத் துலங்காத பழைய கொலைகளை வாரத்துக்கு ஒன்றாகத் தமிழில் பேசுகிறவள். நிகழ்ச்சிக்கு 'இன்னும் மூடல' என்று பெயர். நல்ல குரல். பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வதுபோல் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "ரெண்டாயிரத்து ரெண்டு. ஜார்ஜ்டவுன். ஒரு தடிகா டீச்சர், வயசு இருபத்தேழு. பேரு தவமலர்."

ரமணியின் கை நின்றுவிட்டது. பதினேழா பதினெட்டா என்பது போயே போய்விட்டது.

தவமலர் அவளுடைய கூட்டாளி. பின் சந்தில் இருந்த பாலர் பள்ளியில், அதாவது தடிகாவில், டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ உள்ளே வந்து அவள் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுப் போனார்கள். சங்கிலி கழுத்திலேயே கிடந்தது, கைப்பை ஆணியிலேயே தொங்கியது. எதற்காகக் கொன்றார்கள் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. போலீஸ் பிடித்தது ஒரே ஓர் ஆளைத்தான், அது ரமணியின் தம்பி அர்ஜுனன். பிள்ளைகள் படுக்கும் மெத்தை உறைகளை எடுக்கவும் கொடுக்கவும் வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய்வந்தவன் அவன். பதினாலு நாள் உள்ளே வைத்திருந்துவிட்டு, சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்டார்களே தவிர, இவன் செய்யவில்லை என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. தாசேக் கெலுகோரில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் அந்த மாதமே தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அவனுக்கு இப்போது வயது நாற்பத்தொன்பது. மேல்மாடி அறையில் தனியாக இருந்துகொண்டு, கடை வேனை ஓட்டிக்கொண்டு, அக்காள் கையால் சாப்பிட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டான்.

ரூபினி பெயர் சொல்லவில்லை. "பக்கத்து டோபிக் கடையில வேல செஞ்ச ஒரு இளைஞர்" என்றுதான் சொன்னாள். அந்த வட்டாரத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் டோபிக் கடை ஒன்றுதான். பேரைச் சொல்லாமலே ஆளைக் காட்டிக்கொடுக்க இதைவிடச் சுலபமான வழி உண்டா?

சுகுமாரன் வாளிக்குள் கையை விட்டு அதை அணைத்தார். "அர்ஜுனன் வர்ற நேரம்" என்றார்.

அணைத்து என்ன பயன்? ஊர் முழுக்க அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் எண்பதாயிரம் பேர் கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் கேட்டுவிட்டுச் சும்மாவா இருப்பார்கள்? ஆளுக்கு ஒரு தீர்ப்பு எழுதினார்கள். சுகுமாரன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கைப்பேசியை எட்டப் பிடித்து வாசிப்பார். "டோபிக்காரன்தான் பண்ணியிருக்கான், கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம்." "பதினாலு நாள் அடிச்சும் சொல்லலன்னா எவ்வளவு கல் நெஞ்சு." "அந்தக் கடை இன்னும் இருக்கு, நேத்து போய்ப் பாத்தேன், ஒரு ஆளு வேன்ல துணி ஏத்துறான், மூஞ்சே சரியில்ல."

"போதும்" என்றாள் ரமணி.

"மூஞ்சி சரியில்லையாம். மழையில நனைஞ்சுகிட்டு மூட்ட தூக்குறவன் மூஞ்சி பின்ன எப்படிலா இருக்கும்?"

"போதும்ங்கிறேன்ல."

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் தனேஷ் போன் செய்து, "அம்மா, கமெண்ட்ட மட்டும் படிக்காதீங்க" என்றான். படித்து முடித்துவிட்டோம் என்று அவனிடம் அவள் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் ஹோட்டல்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கூப்பிட்டவன் இர்வான், தங்கமான பையன். குரலில் அத்தனை சங்கடம். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. டெலிவரிக்கு வேற ஆள் அனுப்ப முடியுமா? ரிசெப்ஷன்ல இருக்கிற பிள்ளைங்க பயப்படுதுங்க. எனக்கு ஒண்ணும் இல்லக்கா, நான் அர்ஜுனன் அண்ணன எட்டு வருசமா பாக்குறேன்." எட்டு வருடம் பார்த்தவன் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லக்கூடாதா என்று ரமணிக்கு நாக்கு நுனிவரை வந்தது. தொழில், அடக்கிக்கொண்டாள். புதன்கிழமை இன்னும் இரண்டு ஹோட்டல்கள். அதன்பிறகு சுகுமாரன் வேன் ஓட்டினார், அர்ஜுனன் உள்ளே நின்று துணி மடித்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவன் எதைத்தான் கேட்டான்?

சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மது மட்டும், ஆள் அனுப்புவதற்குக் காத்திராமல், மேசைத் துணி மூட்டையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார்.

"என்னண்ணே நீங்களே தூக்கிட்டு வர்றீங்க?"

"வேணும்னுதான் வந்தேன். ரோட்ல பாக்குறவன் பாக்கட்டும். என் கடையில இப்ப மேசைக்கு ஒரு துப்பறியிற ஆளு உக்காந்திருக்கான் தங்கச்சி. மீன் தலைய உறிஞ்சிக்கிட்டே கொலைகாரன் யாருன்னு சொல்றான். நேத்து ஒருத்தன் சத்தமா சொன்னான், அந்த டோபிக்காரன்தான்னு. தட்ட எடுத்துட்டு, கெளம்புப்பா, ஒனக்கு இங்க சோறு இல்லேன்னுட்டேன்."

"எதுக்குண்ணே ஒங்களுக்கு வம்பு."

"வம்புதான். இந்தா, இதுல மஞ்சக்கறை நெறையா இருக்கு, வெயில் இல்லாம போகாது. மெதுவா குடு." உள்ளே எட்டிப் பார்த்து, "அர்ஜுனா, பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டாம் பாகம் வந்தது. இந்தத் தடவை சுகுமாரன் வாளியில் வைக்கவில்லை. அர்ஜுனனைப் பாசாருக்கு அனுப்பிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் கணவனும் மனைவியும் தலையோடு தலை வைத்துக் கேட்டார்கள்.

முதலில் நல்லம்மாள் பேசினாள். தவமலரின் அம்மா. வயது எழுபத்தெட்டு, இப்போது கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறாள். அந்தக் குரலை ரமணி உடனே அடையாளம் கண்டாள். அர்ஜுனனை விட்ட மறுநாள் இந்தக் கடை வாசலில் வந்து நின்று, மண்ணை வாரித் தூற்றி, உன் வம்சம் விளங்காது என்று சாபம் கொடுத்த குரல் அது.

பிறகு ரூபினி சொன்னாள். ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி இத்தனை வருடம் வெளியே வராத ஒரு விஷயத்தைக் கொடுத்திருக்கிறாராம். பிணத்தின் முகத்தை ஓர் ஆண்பிள்ளைச் சட்டையால் மூடியிருந்தார்களாம். வெள்ளைச் சட்டை. பெண்களும் சிறு பிள்ளைகளும் மட்டும் இருக்கும் இடத்தில் அது எப்படி வந்தது? கொலைகாரன் போட்டிருந்த சட்டையாகத்தான் இருக்க வேண்டும். காலருக்கு உள்பக்கம் கறுப்பு மையில் ஒரு குறி. "இரண்டு கோடு, மேல மூணு புள்ளி, எல்லாத்துக்கும் குறுக்க சாய்வா இன்னொரு கோடு. படம் போட்டிருக்கோம், பாருங்க. யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க."

கடைசியில் மறுபடி நல்லம்மாள். "அந்தக் குறிய வச்சு ஆளக் கண்டுபுடிச்சிருவாங்கன்னு இருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அது தெரிஞ்சா கண்ண மூடிருவேன்."

படம் போட்டதுதான் தாமதம், ஊர் அதன்மேல் விழுந்தது. ஒருவர் ரகசியக் கும்பலின் முத்திரை என்றார். ஒருவர் சயாம்காரன் மந்திரக் கட்டு என்றார். இன்னொருவர் கோட்டையும் புள்ளியையும் கூட்டிக் கழித்து நாலு நம்பர் எடுத்தேன் என்று எழுதினார், அதற்குக் கீழே ஆறுதல் பரிசு விழுந்ததா என்று வேறு விசாரித்திருந்தார்கள். எவன் வீட்டு எழவோ, இவனுக்கு நம்பர். கடைசியில் தாசேக் கெலுகோர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதினார்: அது டோபிக் குறி, எங்கள் அப்பா சட்டைகளில் இருக்கும். அவ்வளவுதான். அத்தனை பேரும் மந்திரத்தை விட்டுவிட்டு மறுபடி அர்ஜுனன் பக்கம் திரும்பினார்கள்.

ரமணி அதையெல்லாம் படிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் அப்பா சுப்பையாவின் கை. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. சந்துக்கு இத்தனை கோடு, வீட்டுக்கு இத்தனை புள்ளி என்று அவரே வகுத்துக்கொண்ட கணக்கு. முந்நூறு வீட்டுத் துணியையும் அதை வைத்தே பிரிப்பார். யாராவது ஊரை விட்டுப் போய், துணி இரண்டு தீபாவளி தாண்டியும் எடுக்கப்படாமல் கிடந்தால், குறியின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு இழுப்பார். அதற்கு வெட்டுக்குறி என்று பெயர். வெட்டு விழுந்த துணி வீட்டுக்கு வரும். வீட்டு ஆண்கள் போடுவார்கள், கிழிந்தால் இஸ்திரி மேசைக்குப் போகும். வெளி ஆளுக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. அதில் அப்பா கல் மாதிரி. ஒரு காலத்தில் வெட்டுத்துணி ஒன்று முடிவெட்டுகிறவர் கைக்குப் போய், சட்டைக்குச் சொந்தக்காரக் கிளார்க் ஒருநாள் முடிவெட்டப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியில் முடிவெட்டுகிறவர் உடம்பில் தன் சட்டையைப் பார்த்தாராம். அந்த அவமானம் அப்பாவுக்குச் சாகிறவரை போகவில்லை.

இரண்டு கோடு, மூன்று புள்ளி, வெட்டு. ரமணி மெல்ல முக்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன, தலை சுத்துதா?" என்றார் சுகுமாரன்.

"இல்ல. சூடா ஒரு தே ஓ வாங்கிட்டு வாங்க."

மதியத்துக்கு மேல் மழை கொஞ்சம் விட்டது. சுகுமாரன் வேனை எடுத்துக்கொண்டு போனார். ரமணியும் அர்ஜுனனும் பெரிய கட்டில் விரிப்புகளை மடிக்க நின்றார்கள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, இழுத்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனையைக் கொடுத்து, பின்னால் போய், மறுபடி வர வேண்டும். இருபது விரிப்பு மடித்தால் ஒரு மைல் நடந்த மாதிரி இருக்கும்.

"அர்ஜுனா, அந்தச் சட்டைய போலீஸ் பாலாய்ல ஒனக்குக் காட்டுனாங்களா?"

அவன் முனையைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போனான். "எந்தச் சட்ட?"

"எந்தச் சட்டைன்னு ஒனக்குத் தெரியும்."

"காட்டுனாங்க."

"வெட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பாவுக்கும் காட்டுனாங்களா?"

"அவருக்குத்தான் மொதல்ல. கஸ்டமர் சட்ட, ஆளு ஊர விட்டுப் போயிட்டாருன்னு சொன்னாரு. வெட்டப் பத்திச் சொல்லல. நானும் சொல்லல. ரெண்டு பேரும் எதையோ மறைக்கிறோம்னு தெரிஞ்சுதான் என்னைய பதினாலு நாள் வச்சிருந்தாங்க."

"ஏண்டா சொல்லல?"

அவன் விரிப்பை உதறினான். கால் பக்கத்துத் தையலில் சுருக்கம் இருந்தது, அதைக் கையால் நீவினான். "விடுக்கா. இத்தன வருசம் கழிச்சு எதுக்கு."

"சொல்றா."

"காலர் பதினேழுக்கா அது. வெட்டுத்துணி போடுறது நம்ம வீட்ல மூணே பேரு. அப்பா கழுத்து பதினாலு. எனக்கு அப்ப பதினாலரை." அவன் தரையைப் பார்த்தான். "அன்னிக்கு சாயங்காலம் அத்தான் கடையில இல்ல. எட்டு மணிக்கு நனைஞ்சுகிட்டு வந்தாரு."

ரமணிக்குக் கையிலிருந்த முனை நழுவிவிட்டது. துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது, இரண்டு பேரும் குனியவில்லை.

"அவரையாடா நெனச்ச?"

"அப்பாவும் அதான் நெனச்சாரு. வேன்ல வச்சு ஒரே ஒரு தடவ பேசுனாரு. நீ அப்ப ஆறு மாசம். சொன்னா இவ தாங்க மாட்டா, புள்ளைக்கும் அப்பன் வேணும்னாரு. அதோட சரி."

"எட்டு மணிக்கு நனைஞ்சுகிட்டு வந்தவரு கையில என்ன இருந்துச்சுன்னு பாத்தியா? பாசெம்போர். நான்தான் கேட்டேன். வாய்க்கு ஒண்ணும் புடிக்கல, பாடாங் கோத்தாவுல போய் வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் வெரட்டுனேன்." அவள் கீழே கிடந்த விரிப்பைத் தாண்டி அவன் அருகே வந்தாள். "அந்தச் சட்டைய மலருக்குக் குடுத்தது நான்டா."

அர்ஜுனன் நிமிர்ந்தான்.

"புள்ளைங்க சாயம் பூசுறப்ப யூனிஃபார்ம் எல்லாம் கறை ஆயிருதுன்னா. பெரிய சட்டையா இருந்தா கைய வெட்டிட்டு முன்னும் பின்னுமா மாட்டி விட்டுறலாம், ஒண்ணு குடு, வெட்டிப் பாக்குறேன், சரியா வந்தா மத்ததையும் வாங்கிக்கிறேன்னா. வியாழக்கெழம மத்தியானம் அப்பா தூங்குறப்ப குடுத்தேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிருவாருன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. மறுநாள் அவ செத்துட்டா. அவ மேல ஒரு சட்ட கெடந்துச்சுன்னே எனக்குத் தெரியாதுடா. அந்த ரூபினி பொண்ணு சொல்ற வரைக்கும் தெரியாது. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா? அப்பாவும் கேக்கல, நீயும் கேக்கல, போலீசும் கேக்கல. பொம்பளைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டீங்க."

அவன் அப்படியே விரிப்பின் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "சிங்கப்பூருக்கு வேலைக்குக் கூப்பிட்டாங்க, நான் போகலைல்ல" என்றான். "நீ அவர்கூடத் தனியா இருக்கக்கூடாதுன்னுதான் போகல."

ரமணி அழுதாள். வாய்விட்டே அழுதாள். தம்பியை வீட்டோடு வைத்துச் சோறு போடுகிறோம் என்று இத்தனை காலமும் உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தாள். அவன்தான் தன்னைக் காவல் காத்திருக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. அதுவும் பாசெம்போர் வாங்கப் போன ஒரு மனுஷனிடமிருந்து.

சுகுமாரன் திரும்பி வந்ததும் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிட்டாள். ஆறிப்போன கருவாட்டுச் சம்பலும் கங்கோங் கீரையும் நடுவில் இருந்தன. அவர் கேட்டு முடிக்கும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"அதான் மாமா சாகக் கெடக்கையில நான் குடுத்த தண்ணிய வாங்கல" என்றார். "தொண்டையில எறங்கலன்னு நெனச்சேன். அப்புறம் நீ குடுத்தா, குடிச்சாரு."

"அத்தான்" என்றான் அர்ஜுனன்.

"கொலைகாரன்னு நெனச்சுகிட்டு இருபத்து மூணு வருசம் எதுத்தாப்புல உக்காந்து சோறு தின்னியே. பயமா இல்லியாடா?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு."

"பழகிருச்சாம்." சுகுமாரன் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி, எழுதிப் போடு ரமணி. இன்னிக்கே அந்த ரூபினி பொண்ணுக்கு எழுது. இவன் பேரு தெளியட்டும்" என்றார்.

"வேணாம்" என்றான் அர்ஜுனன். "அந்தம்மாவுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். அந்தக் குறிய நம்பித்தான் உக்காந்திருக்கு. அதையும் புடுங்கிட்டா? எம்பேரு கெட்டது கெட்டதுதான். ஹோட்டல்காரன் நாலு மாசத்துல மறந்துருவான்."

"நீ சும்மா இரு" என்றாள் ரமணி. "நீ சும்மா இருந்து கெடுத்தது போதும்." ஆனால் அவளும் அன்றைக்கு எழுதவில்லை. தம்பி பேர் தெளிய வேண்டும் என்றால் நல்லம்மாளின் நம்பிக்கையைப் பிடுங்க வேண்டும். அதை எண்பதாயிரம் பேரோடு சேர்த்து அந்த அம்மாவும் போனில் கேட்டுத் தெரிந்துகொள்வதா? நேரில்தான் சொல்ல வேண்டும். திட்டினால் திட்டட்டும், அடித்தால் அடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் வேனில் பாலத்தைக் கடந்தார்கள். சுகுமாரன் ஓட்டினார், பக்கத்தில் அர்ஜுனன். கடல் சாம்பல் நிறமாக இருந்தது, பட்டர்வொர்த் பக்கம் மழை இருட்டிக்கொண்டு நின்றது. சுகுமாரன் பேசாமல் வேன் ஓட்டி ரமணி பார்த்தது அன்றுதான். ஃப்ளாட்டுக்குக் கீழே வேன் நின்றதும் அர்ஜுனன், "நான் வரல, என்னையப் பாத்தா அதுக்கு என்னமாச்சும் ஆயிரும்" என்றான். "நான் இவன்கூட இருக்கேன், நீ போ" என்றார் சுகுமாரன்.

கதவைத் திறந்த நல்லம்மாளுக்கு ஆளை அடையாளம் தெரிய ஒரு நிமிடம் பிடித்தது. தெரிந்ததும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவை விட்டுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுவரில் தவமலரின் படம், மாலை போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளில் அந்தக் குறியைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தது. அடுத்த வீட்டு சலேஹா கடையில் கொடுத்து எடுத்துவந்தாளாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ரமணிக்கு, இப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று வந்தது.

"தம்பிக்காகப் பேச வந்தியா?" என்றாள் நல்லம்மாள்.

"இல்லம்மா. அந்தச் சட்டைக்காக."

ஒன்று விடாமல் சொன்னாள். அப்பா போட்ட குறி, வெட்டு, வியாழக்கிழமை மத்தியானம், சாயம் பூசும் பிள்ளைகள். தான் யாருக்கும் தெரியாமல் கொடுத்ததால் வீட்டு ஆண்கள் தங்களுக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டு வாயை மூடிக்கொண்டதையும் சொன்னாள். "என்னால போச்சும்மா. நான் அப்பவே சொல்லியிருந்தா போலீசு இந்தச் சட்ட பின்னால சுத்தியிருக்க மாட்டாங்க. வேற எங்கயாச்சும் தேடியிருப்பாங்க."

நல்லம்மாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"கத்திரி கேட்டா" என்றாள் கடைசியில். "வியாழக்கெழம ராத்திரி. சின்னக் கத்திரி வெட்ட மாட்டேங்குது, ஒங்க பெரிய கத்திரியக் குடுங்கம்மா, ஒரு சட்டைய வெட்டணும்னா. யார் சட்டைன்னு நான் கேக்கல. மாவு அரைச்சுக்கிட்டு இருந்தேன். போலீசு திருப்பிக் குடுத்த அவ பையில அந்தக் கத்திரி அப்படியே இருந்துச்சு."

"ஆமாம்மா. அந்தச் சட்டதான்."

"அவன் போட்டிருந்த சட்டையில்லையா அது?"

"இல்லம்மா."

"எவனோ ஒருத்தன் வேர்வையும் அழுக்குமா கழட்டி எம்புள்ள மூஞ்சியில போட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு வந்து சொன்ன நாள்லேருந்து, ரெண்டு வாரமா, சோறு எறங்கல. அந்த நாத்தத்தோடதானே போச்சு எம்புள்ளைன்னு." அவள் ரமணி பக்கம் திரும்பினாள். "துவைச்ச சட்டையா?"

"துவைச்சு, கஞ்சி போட்டு, தேச்ச சட்டம்மா. நானே தேச்சேன்."

நல்லம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ரமணி எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள், தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. அந்த அம்மாவே கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"ஒந்தம்பி எங்க?"

"கீழ வேன்ல இருக்கான்."

"வரச் சொல்லு."

அர்ஜுனன் படியேறி வந்து வாசலிலேயே நின்றான். அவனுக்குப் பின்னால் சுகுமாரன். நல்லம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நரைத்த தலை, மூட்டை தூக்கிச் சாய்ந்துபோன ஒரு தோள்.

"நீ கல்யாணம் பண்ணிக்கலேன்னு கேள்விப்பட்டேன் தம்பி. கேட்டு சந்தோசப்பட்டேன். என் சாபம் பலிச்சிருச்சுன்னு கோயில்ல சூடம் ஏத்துனேன்."

"நானும் ஒருத்தர அப்படித்தான் நெனச்சிருந்தேன்மா" என்றான் அவன். "ஒரே வீட்ல இருந்துகிட்டு."

அவள் யாரென்று கேட்கவில்லை. எழுந்து, சுவரிலிருந்த தாளை ஓர் ஓரத்தில் பிடித்து மெதுவாக உரித்தாள். பசை பிடித்து ஒரு மூலை சுவரிலேயே தங்கிவிட்டது, அதை நகத்தால் சுரண்டினாள். பிறகு மேசைமேல் இருந்த கைப்பேசியை ரமணியிடம் நீட்டி, "அந்தப் பொண்ணுக்குப் போட்டுக் குடு" என்றாள்.

மணி இரண்டு தடவைதான் அடித்தது. ரூபினி எடுத்துவிட்டாள்.

"பாப்பா, நான் நல்லம்மா பேசுறேன். அந்தச் சட்டைய விட்டுருங்க. அது நல்ல சட்ட, எம்புள்ளைக்கு வேண்டியவங்க குடுத்தது. ரமணின்னு ஒருத்தி வந்திருக்கா, அவ எல்லாம் சொல்லுவா, அதையும் போடு. அந்தத் தம்பி ஒண்ணும் பண்ணலேன்னு நான் சொன்னேன்னு போடு. இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்." அந்தப் பக்கம் ரூபினி ஏதோ கேட்டாள். நல்லம்மாள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஆமா, குறியெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ மொதல்லேருந்து தேடு. எனக்கு எழுபத்தெட்டு ஆச்சு, கொஞ்சம் வெரசாத் தேடு."